காமிக்ஸ் திருவிழாவில் படைப்பாளிகளைச் சந்தித்தலும் கைவரைவுகளைத் திரட்டுதலும்

காமிக்ஸ் திருவிழா என்பது சித்திரக்கதைகளை எழுதுவோர், வரைவோர், பதிப்பிப்போர், வாசிப்போர் ஆகிய நால்வகையினரும் ஓரிரு நாள்கள் ஒரே வளாகத்தில் கூடும் நிகழ்வாகும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1970இல் தொடங்கிய கூடுகையும், பிரான்சின் அங்குலேம் நகரில் 1974இல் தொடங்கிய விழாவும் உலகெங்கும் இத்தகைய நிகழ்வுகளுக்கு முன்மாதிரிகளாக அமைந்தன. இந்தியாவில் 'காமிக் கான்' 2011 பிப்ரவரியில் புது தில்லியின் தில்லி ஹாட் வளாகத்தில் முதன்முதலாக நடத்தப்பட்டு, பின்னர் மும்பை, பெங்களூரு, ஐதராபாத் எனப் பரவியது. ஆயினும் தமிழ்நாட்டிலேயே அது நடைபெறுவதற்கு, நந்தம்பாக்கத்திலுள்ள சென்னை வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் முதல் சென்னைத் திருவிழா கூடும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் அதே மையத்தில் மீண்டும் அது நடந்தது. சென்னையிலிருந்து சாலைவழியே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்திலும், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரத்திலும் வாழும் வாசகருக்கு, காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய ஒருநாள் பயணமாக இத்திருவிழா அமைந்துவிட்டதால், அங்கு வரும் கலைஞர்களை எவ்வாறு சந்திப்பது, அவர்களிடமிருந்து கைவரைவுகளை எவ்வாறு பெறுவது, பெற்றவற்றை எவ்வாறு காப்பது என்பவற்றை இவ்வியல் அவ்விரு ஊர்களின் வாசகரை மனத்திற்கொண்டு விளக்குகிறது.

திருவிழா அரங்கில் பெரிய நிறுவனங்களின் விற்பனைக்கூடங்களும், வேடமணிந்து வருவோரின் மேடையும், விளையாட்டுக் கூடங்களும் முதலில் கண்ணைப் பறிக்கும். சேகரிப்பாளர் தேட வேண்டிய இடம் அவற்றிலிருந்து சற்று விலகி, சிறு மேசைகள் அடுத்தடுத்துப் போடப்பட்டிருக்கும் ஓவியர் வரிசையாகும். அங்கு கலைஞர்கள் தாங்கள் வரைந்த நூல்களையும், அச்சுப் படங்களையும், ஒட்டுவில்லைகளையும் விற்றுக்கொண்டே, கேட்போருக்கு வரைந்தும் கொடுக்கின்றனர். 'ஆங்ரி மௌஷி' என்னும் நாயகியை உருவாக்கிய அபிஜீத் கினி போன்ற தனிப்படைப்பாளிகளும், ஹோலி கௌ, யாளி ட்ரீம் கிரியேஷன்ஸ், பக்கர்மேக்ஸ் போன்ற சிறு பதிப்பகங்களைச் சார்ந்தோரும் இந்தியாவின் காமிக்ஸ் திருவிழாக்கள் வழியாகவே தங்கள் வாசகரை நேரில் அறிந்தவர்கள். அவர்களில் பலருக்குத் திருவிழா நாள்களின் விற்பனையே ஆண்டு வருவாயில் ஒரு கணிசமான பகுதி என்பதை மனத்தில் வைத்திருந்தால், மேசை முன் எவ்வாறு நடந்துகொள்வது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

கலைஞரிடம் பெறக்கூடியவை மூவகைப்படும். நூலின் முதல் பக்கத்தில் இடப்படும் கையொப்பம் முதல்வகை. அதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. கையொப்பத்துடன் சேர்த்துச் சில நிமிடங்களில் போட்டுத்தரப்படும் சிறு கோட்டோவியம், அதாவது ரசிகர்கள் ஸ்கெட்ச் என்று வழங்கும் கைவரைவு, இரண்டாம் வகை. வாசகர் விரும்பும் பாத்திரத்தை விரும்பும் நிலையில், மையும் வண்ணமும் இட்டு முழுமையாக வரைந்து தருமாறு கேட்டு, அதற்குரிய தொகையைக் கொடுத்துப் பெறும் ஓவியம் மூன்றாம் வகை; அதனைக் கமிஷன் என்பர். இம்மூன்றுக்கும் இடையிலான எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும், நூலை வாங்கியவருக்கு அந்நூலிலேயே படம் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுப்பது விருந்தோம்பல் போன்ற ஒரு மரபாக வளர்ந்து, அதற்குத் தனிக் கட்டணம் கேட்காத வழக்கம் நெடுநாள் நிலைத்திருக்கிறது. அமெரிக்கத் திருவிழாக்களிலோ வரைவது உழைப்பு, உழைப்புக்கு விலை உண்டு என்ற முறையே பரவலாக உள்ளது. இந்தியத் திருவிழாக்களில் இரண்டும் கலந்தே காணப்படுவதால், ஒரு மேசையில் இலவசமாகக் கிடைத்தது அடுத்த மேசையிலும் அவ்வாறே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. மேசைமீது கட்டண அட்டை வைக்கப்பட்டிருந்தால் அதனைப் படிப்பதும், இல்லையெனில் நேரடியாகக் கேட்டுத் தெளிவதும், சொல்லப்பட்ட தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதிருப்பதும் சேகரிப்பாளர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளாகும். தொகை கைக்கெட்டாததாக இருந்தால், சிறிய அளவில் அல்லது வண்ணமின்றி வரைந்து தரக்கூடுமா என்று கேட்பது கலைஞரின் மதிப்பைக் குறைக்காத மாற்றுவழி.

பெயரை அறிதல்

ஆயத்தங்களில் முதன்மையானதும், பெரும்பாலோர் விட்டுவிடுவதும், சந்திக்கவிருக்கும் கலைஞரின் பெயரையும் பணியையும் முன்னதாகவே அறிந்துகொள்வதாகும். தமிழில் காமிக்ஸ் வாசிப்பு நெடுங்காலமாக நாயகரின் பெயரைச் சுற்றியே வளர்ந்தது. சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984 ஜூலையில் மாடஸ்டி பிளைசியின் கதையோடு வெளிவந்த லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து தோன்றி 2005 வரை நீடித்த ராணி காமிக்ஸ் ஆகிய மூன்றும் இரு தலைமுறை வாசகரை உருவாக்கின. மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைவார் என்பதும், டெக்ஸ் வில்லரின் நண்பர் கார்சன் என்பதும் விழுப்புரம் பேருந்து நிலையக் கடைகளில் இதழ் வாங்கிப் படித்த சிறுவருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த உருவங்களைத் தாளில் முதலில் வரைந்த கை யாருடையது என்பது அவர்களுள் மிகச் சிலரே அறிந்தது. மாயாவியை 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழுக்காக வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசுஸ் பிளாஸ்கோ. டெக்ஸ் வில்லரை 1948இல் எழுத்தாளர் ஜான்லூயிஜி பொனெல்லியோடு சேர்ந்து உருவாக்கியவர் அவுரேலியோ கலெப்பினி. 'இரத்தப் படலம்' என்று தமிழில் வந்த தொடரை எழுதியவர் ழான் வான் ஹாம், வரைந்தவர் வில்லியம் வான்ஸ். கேப்டன் டைகரின் பாலைநிலங்களுக்கு உருக்கொடுத்தவர் ழான் ஜிரோ. லக்கி லூக்கைப் படைத்தவர் மோரிஸ். வான் ஹாம் தவிர இவ்வரிசையில் உள்ள எவரும் இன்று உயிருடன் இல்லை. லக்கி லூக்கை மோரிசுக்குப் பின் அஷ்தே என்ற ஓவியர் தொடர்ந்து வரைந்துவருவதுபோல, பல தொடர்களில் ஓவியர் மாறிக்கொண்டே வருவதால், எந்தக் கதையை யார் வரைந்தார் என்று குறித்துவைப்பது சேகரிப்பாளரின் அடிப்படைப் பயிற்சியாகிறது.

இந்நிலையில் தமிழ் வாசகர் தமக்குப் பிடித்த அயல்நாட்டுத் தொடரின் ஓவியரைச் சென்னையில் சந்திக்கும் வாய்ப்பு அரிது. ஆனால் சந்திக்கத்தக்கோர் வேறு பலர் உள்ளனர். முத்து, லயன் இதழ்களின் ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளர்களும் சென்னைப் புத்தகக் காட்சியிலும், ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டிய வாசகர் சந்திப்புகளிலும் வாசகரோடு உரையாடுவது வழக்கம். நாயகர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர்கள் என்ற முறையில், மொழிபெயர்ப்பு நூலில் அவர்களது கையொப்பமும் ஓவியரின் கைவரைவுக்கு நிகராகப் பேணத்தக்கதே. அதைவிடவும் முக்கியமாக, தமிழ் வார இதழ்களின் ஓவிய மரபு காமிக்ஸ் சேகரிப்பாளரின் கவனத்துக்குள் இன்னும் முழுமையாக வரவில்லை என்பதைக் கவலையோடு குறிப்பிட வேண்டியுள்ளது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதலில் தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம், அவருடைய மகனும் அம்மரபைத் தொடர்பவருமான மணியம் செல்வன், 'அம்புலிமாமா'வில் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த கே. சி. சிவசங்கரன், கோடுகளின் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற கோபுலு, அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் கண்முன் நிறுத்திய ஜெயராஜ், தூரிகையின் வேகத்தையே ஓவியத்தின் பொருளாக்கிய டிராட்ஸ்கி மருது ஆகியோர் எந்த நாட்டுச் சித்திரக்கதை ஓவியருக்கும் குறைந்தவர் அல்லர். கோபுலு 2015இலும், சிவசங்கரன் 2020இல் தமது 96ஆம் வயதிலும் மறைந்தனர். அவர்களிடம் ஒரு கையொப்பம் பெற்றிருக்கலாமே என்று பின்னர் வருந்தியோர் பலர். மூத்த கலைஞர்கள் வாழும் காலத்திலேயே, நூல் வெளியீடுகளிலும் ஓவியக் காட்சிகளிலும் அவர்களைத் தேடிச் செல்வது ஒத்திப்போடக் கூடாத பணியாகும்.

பயணமும் கைப்பொருள்களும்

விழுப்புரம் சந்திப்பிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் செங்கல்பட்டு, தாம்பரம் வழியாகச் சென்னை செல்லும் தொடர்வண்டிகளில் வருவோர், எழும்பூர் வரை போக வேண்டியதில்லை; தாம்பரத்தில் இறங்கிப் புறநகர் மின்வண்டியில் பரங்கிமலை நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் நந்தம்பாக்கம் சேர்வது எளிது. பேருந்தில் வருவோருக்கு, தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுவதால், அங்கிருந்து மாநகரப் பேருந்தில் கத்திப்பாரா சந்திப்பு வரை சென்று பூந்தமல்லி சாலைக்கு மாற வேண்டியிருக்கும். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையவழியில் வாங்கிவிடுவதும், கதவு திறக்கும் நேரத்திலேயே அரங்கில் இருப்பதும் நல்லது. கைவரைவு தருவோர் பலர் நாளொன்றுக்கு இத்தனை என்று வரம்பு வைத்துக்கொள்வதால், நண்பகலுக்குப் பிறகு வருவோருக்கு இடம் கிடைப்பதில்லை. மூன்றாம் வகையான முழு ஓவியத்தை விரும்புவோர், முதல் வேலையாக அம்மேசைக்குச் சென்று பதிவு செய்துவிட்டு, மற்ற மேசைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். இரு நாள் திருவிழாவில், முதல்நாள் கேட்டதை மறுநாள் தருவதாகக் கலைஞர் சொல்லக்கூடும் என்பதால், ஒருநாள் மட்டுமே வந்திருப்போர் அதனைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும்.

கைவரைவுகளைப் பெறுவதற்குத் தாளைச் சேகரிப்பாளரே கொண்டுசெல்வது சிறப்பு. பள்ளிகளில் பயன்படும் வரைபட நோட்டின் தாள் மெலிதாகையால் மார்க்கர் மை ஊடுருவி மறுபக்கம் தெரியும். தாளின் கனத்தைக் குறிக்கும் ஜிஎஸ்எம் என்ற அளவு 200க்குக் குறையாத, வழுவழுப்பான, அமிலம் நீக்கப்பட்ட தாளை ஓவியப் பொருள் கடையில் கேட்டு வாங்க வேண்டும். அமிலம் கலந்த தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கிவிடும் என்பதைப் பழைய செய்தித்தாளைக் கையிலெடுத்த எவரும் அறிவர். தனித் தாள்களா, தைக்கப்பட்ட ஏடா என்பதில் சேகரிப்பாளரிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. தனித் தாளைச் சட்டமிடலாம். ஒன்றுக்குச் சேதம் வந்தால் மற்றவை தப்பும். தைத்த ஏட்டுக்கோ வேறொரு வலிமை உண்டு: மேசை மேல் அது திறக்கப்படும்போது, முன்பக்கங்களில் வேறு கலைஞர்கள் வரைந்திருப்பதைக் காணும் ஓவியர், அவர்களுக்கு ஈடாகத் தாமும் வரைய வேண்டும் என்ற உந்துதலைப் பெறுகிறார். தொடக்கநிலையினருக்கு ஏடே ஏற்றது. அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் செருகுவதற்கு ஒரு கெட்டி அட்டையையும், பக்கங்களுக்கு இடையில் வைக்கச் சில பட்டர் பேப்பர் தாள்களையும், ஓரிரு நல்ல கறுப்பு மை எழுதுகோல்களையும் உடன் எடுத்துச் செல்லலாம். பெரும்பாலான கலைஞர் தம் கருவிகளையே பயன்படுத்துவர். எனினும் பந்துமுனைப் பேனாவால் வரையப்பட்ட கோடு வெளிச்சத்தில் மங்கிவிடும் இயல்புடையது என்பதால், நிறமிகொண்ட மைப் பேனா ஒன்று கைவசம் இருப்பது பயன்தரும்.

ஏட்டுக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது சேகரிப்பைத் தனித்துவமாக்கும் வழிகளுள் ஒன்று. ஒரே பாத்திரத்தை அல்லது ஒரே கருப்பொருளைப் பல கலைஞர்களிடமும் வரையச் சொல்லித் தொகுப்பது மேலைநாட்டுச் சேகரிப்பாளரிடம் வேரூன்றிய முறையாகும். ஒரே உருவம் பல கைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதை அது காட்டுகிறது. விழுப்புரம் மாவட்டத்து வாசகருக்கு இதற்கான பொருள் வீட்டு வாசலிலேயே உள்ளது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளம்வயதில் மாண்ட செஞ்சியின் ராஜா தேசிங்கும், மதம் கடந்து அவரோடு நட்புப் பூண்ட மகமத்கானும், நாட்டுப்புறக் கதைப்பாடலில் புகழப்படும் குதிரையும், 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றாக இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையும் எந்தச் சித்திரக்கதை ஓவியரையும் ஈர்க்கக்கூடியவை. பாயும் குதிரையும், அதன்மேல் ஓர் இளைஞனும், பின்னணியில் பாறைக்குன்றும் என்ற மூன்றைச் சொன்னாலே போதும். மும்பையிலிருந்து வந்த ஓவியர் ஒருவகையாகவும், பெங்களூருவிலிருந்து வந்தவர் மற்றொரு வகையாகவும் வரைவர். செஞ்சிக் கோட்டையின் தெளிவான இரண்டு ஒளிப்படங்களைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றால், கைபேசித் திரையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிராது.

மேசை முன்

மேசையை அணுகும்போது, முதலில் அங்குள்ள நூல்களைப் பார்ப்பதும், இயன்றால் ஒன்றை வாங்குவதும், அதன்பின் கைவரைவு பற்றிக் கேட்பதும் நெறி. கலைஞர் வேறொருவருக்கு வரைந்துகொண்டிருக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று பேச்சுக் கொடுப்பது அவருடைய கையையும் கருத்தையும் கலைக்கும். மூத்த ஓவியரை ஐயா என்றோ சார் என்றோ, பெண் கலைஞரை மேடம் என்றோ விளிப்பது தமிழ்நாட்டு அரங்கில் இயல்பாக ஒலிக்கும். இளம் தமிழ்க் கலைஞர்கள் அண்ணா, அக்கா என்ற விளியை மகிழ்ந்து ஏற்பர். பிற மாநிலத்தவரிடம் எளிய ஆங்கிலத்தில் பேசலாம். பேசத் தயங்குவோர், வேண்டிய பாத்திரம், அளவு, முகம் மட்டுமா முழு உருவமா என்ற விவரங்களை ஒரு சீட்டில் எழுதிக் காட்டினால் போதுமானது. திண்டிவனம், மயிலம், வானூர்ப் பகுதிகளிலிருந்து வரும் கல்லூரி மாணவர் பலர் மொழிக்கூச்சத்தாலேயே மேசையருகே போகாமல் திரும்பிவிடுவதுண்டு. அது தேவையற்ற இழப்பு. 'உங்களுடைய இந்தக் கதையில் மழையில் நிற்கும் அந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது' என்று குறிப்பிட்ட ஒரு பக்கத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் வாசகரை எந்தக் கலைஞரும் மறப்பதில்லை. பொதுவான புகழுரையை நாள் முழுதும் கேட்டுக் களைத்தவருக்கு, தாம் இரவுகள் விழித்து வரைந்த ஒரு பக்கத்தை ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதே பெரிய சன்மானம்.

என்ன கேட்பது என்பதிலும் ஓர் அளவு வேண்டும். முகம் மட்டுமான கைவரைவு ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடியக்கூடும். முழு உருவமும் பின்னணியும் அரைமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது இரண்டாவதைக் கேட்பது முறையாகாது. கலைஞர் ஒருபோதும் வரைந்திராத பாத்திரத்தைக் கேட்பதைவிட அவருடைய சொந்தப் பாத்திரத்தைக் கேட்பது நல்லது. கை பழகிய உருவத்தில்தான் கோடு தயக்கமின்றி ஓடும். அதே சமயம், 'உங்களுக்கு எதை வரைய விருப்பமோ அதை வரையுங்கள்' என்று விட்டுவிடும் வாசகருக்கு அன்றைய நாளின் மிகச் சிறந்த படம் கிடைத்துவிடுவதும் உண்டு. பள்ளிச் சிறுவரை அழைத்துவரும் பெற்றோர், கேட்கும் பொறுப்பைச் சிறுவரிடமே விட்டு ஓரடி பின்னால் நிற்பது நலம். குழந்தை தானே கேட்கும்போது கலைஞர் காட்டும் பரிவும் பொறுமையும் வேறாக இருக்கும்.

படத்தில் பெறுபவரின் பெயரையும் எழுதித் தருவது பல கலைஞரின் வழக்கம். அயல்மாநிலத்தவர் தமிழ்ப் பெயரைத் தவறாக எழுதிவிடக்கூடும் என்பதால், பெயரைப் பெரிய எழுத்தில் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தால், அவ்வெழுத்தை அறியாத ஓவியரும் அதனை ஓர் உருவமாகவே கண்டு அழகாகப் பார்த்தெழுதிவிடுவார். அத்தகைய ஏடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பெயரெழுதிய படத்தை விற்பது கடினம் என்பதற்காகப் பெயரைத் தவிர்க்கச் சொல்லும் சேகரிப்பாளரும் உளர். இலவசமாகப் பெற்ற கைவரைவை மறுநாளே விற்பனைக்கு வைப்பதைக் கலைஞர்கள் நம்பிக்கைத் துரோகமாகவே கருதுகின்றனர். அவ்வாறு சிலர் செய்வதனாலேயே சில கலைஞர்கள் இலவசமாக வரைவதை நிறுத்திக்கொள்கின்றனர் என்பதால், பெயரெழுதித் தருமாறு தாமே கேட்பது வாசகரின் நேர்மைக்குச் சான்றாகும். வரையும்போது ஒளிப்படமோ காணொளியோ எடுப்பதற்கு முன்னரும் அனுமதி பெற வேண்டும்.

உரிமை பற்றியும் இங்கு ஒரு சொல் தேவை. தாள் வாசகருடையதானாலும், அதிலுள்ள பாத்திரம் அதனை உடைய பதிப்பகத்துக்கோ படைப்பாளிக்கோ உரியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டதன்பேரில் பணம் பெற்று வரையப்படும் ஓவியத்தின் முதல் உரிமை பற்றித் தனியாகக் கூறுகிறது என்றாலும், அதனை வைத்துக்கொண்டு பனியனிலோ சுவரொட்டியிலோ அச்சிட்டு விற்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வீட்டில் மாட்டுவதும் நண்பருக்குக் காட்டுவதும் தவிர வேறு எதற்கேனும் படத்தைப் பயன்படுத்த எண்ணினால், அதனை வரைவதற்கு முன்பே சொல்லி, எழுத்தில் இசைவு பெற்றுக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

வீட்டுக்குக் கொண்டுவருதலும் காத்தலும்

மை முழுமையாக உலரும்வரை ஏட்டை மூடக் கூடாது. பென்சில் வரைவாயின், மேலே பட்டர் பேப்பர் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உரசினால் கரி கலைந்துவிடும். தனித் தாளைச் சுருட்டுவதைவிட, இரு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து நீர்புகாத உறையிலிட்டு, நெரிசலான பேருந்தில் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துவருவது மேல்.

ஊர் திரும்பியதும் பலர் செய்யும் முதல் வேலை, நகலகத்துக்குப் போய்ப் படத்தை லேமினேட் செய்வதுதான். சான்றிதழையும் குடும்ப அட்டையையும் காத்த பழக்கம் அது; கைவரைவுக்கோ அது கேடு. சூட்டில் உருகும் பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால் பின்னர் எடுக்கவே முடியாது. சில மார்க்கர் வண்ணங்கள் அந்தச் சூட்டில் மாறிவிடவும் கூடும். சாமிபடங்களுக்குச் சட்டமிடும் கடைகளில் படத்தைப் பின்னட்டையில் பசை தடவி ஒட்டிவிடும் வழக்கமும் உண்டு என்பதால், ஒட்டாமல் மூலைகளில் மட்டும் பிடிப்புக் கொடுக்குமாறும், கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைக்குமாறும் கடைக்காரரிடம் விளங்கச் சொல்ல வேண்டும். சட்டமிட்ட படத்தை வெயில் நேராக விழும் சுவரில் மாட்டலாகாது.

மாட்டாமல் வைக்கும் படங்களுக்கு ஈரமும் பூச்சியும் முதன்மைப் பகைகள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காற்றின் ஈரத்தால் தாள் நெளிந்து பூஞ்சை பிடிக்கும்; இராமபாணம் எனப்படும் வெள்ளி நிறப் பூச்சி தாளின் மேற்பரப்பை அரித்துத் தின்னும்; கரையான் சுவரோரமாக ஏறி வரும். எனவே சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலகிய இரும்பு அலமாரியில், பாலிபுரொப்பிலீன் உறைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு படங்களை வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை நாளடைவில் ஒட்டிக்கொண்டு மையைப் பெயர்த்தெடுக்கும். புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்தில் காக்கப்படுவன போன்ற ஓலைச்சுவடிகளுக்குப் புல்லெண்ணெய் தடவிப் பாதுகாக்கும் முறை பயன்படுகிறது. தாளில் எண்ணெய் கறையாகிவிடும் என்பதால் அம்முறையை இங்குக் கைக்கொள்ளக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில், படங்களைத் தொடாமல் வைப்பதில் தீங்கில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுதப்பட வேண்டும். கலைஞரின் பெயர், பாத்திரம், நாள், இடம், பயன்படுத்திய மை, கொடுத்த தொகை, அப்போது கலைஞர் சொன்ன ஏதேனும் ஒரு செய்தி ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எண் மட்டும் இட்டால் போதும். உயர்ந்த தெளிவில் வருடி எடுத்த நகலொன்றையும் சேமித்துவைத்தால், மூலத்தை அடிக்கடி எடுத்துக் காட்ட வேண்டியிராது.

ஊருக்கே அழைத்தல்

சென்னை செல்ல இயலாதோருக்கும் வழி உண்டு. தமிழ்நாடு அரசின் ஆதரவோடு 2022–23 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடத்தப்படுகின்றன; விழுப்புரத்தில் நடைபெறும் அத்தகைய திருவிழாவில் எழுத்தாளருக்கு மேடை கிடைப்பதுபோல ஓவியருக்கு ஒரு மேசை கிடைக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்பது நியாயமானது. திண்டிவனத்திலுள்ள அரசு கலைக் கல்லூரியிலோ, விழுப்புரத்துப் பள்ளிகளிலோ, நூலக வாசகர் வட்டங்களிலோ ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் ஓர் இதழ் ஓவியரை வரவழைத்து முப்பது பேருக்கு வரையச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அழைப்போர் சில ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும்: போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் எவ்வளவு என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுதல், வலக்கையால் வரைபவருக்கு இடப்பக்கத்திலிருந்து ஒளி விழுமாறு சன்னலோரத்தில் மேசை இடுதல், வரிசைக்குச் சீட்டு முறை வைத்து, சீட்டுகள் தீர்ந்ததும் வரிசையை மூடிவிடுதல், ஒருமணி நேரத்துக்கு ஒருமுறை கலைஞரின் கைக்குப் பத்து நிமிட ஓய்வு அளித்தல். அழைப்பிதழில் தலைமை தாங்குவோரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓவியரின் பெயரைப் போடும் வழக்கத்தைக் கைவிட்டு, முதல் வரியில் அதனைப் பெரிதாக அச்சிட வேண்டும்.